மூக்குப் பதியம்

1650-களின் பின்பாதியில் மைசூர் அரசர் கண்டீரவ நரசராஜாவின் படை சத்தியமங்கலம் வழியாக மதுரைச் சீமைக்குள் இறங்கியது. பயிரைக் கொளுத்துவது, ஊரைச் சூறையாடுவது போன்ற வழக்கமான அலுவல்களோடு அந்தப் படைக்குக் கூடுதல் உத்தரவு ஒன்றும் இருந்தது. கையில் சிக்குகிறவர் யாராக இருந்தாலும் மூக்கை மேலுதட்டோடு அறுத்து, மூட்டை கட்டி, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்ப வேண்டும். எண்ணிக்கைக்குத் தக்க வெகுமானம். பீஸ் ரேட்! அப்போது இங்கே இருந்த ஏசுசபைப் பாதிரிமார் மேலிடத்துக்கு எழுதிய கடிதங்களில் இதையெல்லாம் பதறிப்போய்ப் பதிவு செய்திருக்கிறார்கள். மதுரையில் திருமலை நாயக்கர் வயதாகி, நோயோடு படுக்கையில் கிடந்தார். ராமநாதபுரம் சேதுபதி ஓடிவந்து கைகொடுத்ததில் மைசூர்ப் படை தோற்றுத் திரும்பியது. அத்தோடு விட்டால் அது என்ன ராஜரீகம்? நாயக்கரின் தம்பி குமாரமுத்து மைசூர் எல்லைக்குள் விரட்டிக்கொண்டு போய், பாக்கியை வட்டியும் முதலுமாக மூக்காகவே வசூலித்தார். இதற்கு மூக்கறுப்புப் போர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இரண்டு தரப்பும் மானம் காத்ததாகச் சொல்லிக்கொண்டன. மூக்கு போனவர்களை யாரும் கேட்கவில்லை. போர் என்றில்லை, கள்ள உறவு, திருட்டு, அரசத் துரோகம் எதற்கும் நம் நாட்டில் மூக்கில்தான் கை வைத்தார்கள். ராமாயணத்துக் காட்டிலேயே தொடங்கிவிட்ட பழக்கம். வேறு எந்த வைத்தியத் துறைக்கும் அரசாங்கம் இவ்வளவு தாராளமாக நோயாளிகளை அனுப்பிவைத்ததில்லை.

மூக்கை அறுப்பதற்கு ஒரு கத்தி போதும். திரும்ப வைப்பதற்கு மனித குலம் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. குழி விழுந்த இடத்தை மூடத் தோல் வேண்டும். தொடையிலிருந்து தோலைச் சீவி எடுத்துக் காயத்தின் மேல் ஒட்டினால் அது கிராஃப்ட். அடியில் ரத்தம் ஊறும் சதை இருந்தால் பிழைக்கும். வெற்றெலும்பின் மேலோ ஓட்டையின் மேலோ போட்டால் காய்ந்து உதிர்ந்துவிடும். மூக்கு போன இடமோ ஓட்டை. ஆகவே தோலை முழுசாக அறுத்துவிடாமல், ஒரு பக்கம் காம்பை விட்டுவைத்து, அதன் வழியாகப் பழைய ரத்தமே ஓடிக்கொண்டிருக்க, மறுமுனையை வளைத்துப் புது இடத்தில் தைக்க வேண்டும். மல்லிகைக்குப் பதியம் போடுகிற மாதிரி. கிளையைத் தாய்ச்செடியிலிருந்து வெட்டாமல் வளைத்து மண்ணில் புதைத்து, வேர் விட்டபின் வெட்டிவிடுவோம் இல்லையா, அதேதான். ஆஸ்பத்திரியில் இதற்கு ஃப்ளாப் என்று பெயர், காம்புக்குப் பெடிக்கிள்.

வம்பு எங்கே என்றால், தோலை மெல்லிசாக எடுத்தால் ரத்தம் போதாமல் கறுத்துச் செத்துவிடும். கொழுப்போடு தடிப்பாக எடுத்தால் பிழைத்துக்கொள்ளும், ஆனால் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் யாரோ விருந்தாளி மாதிரி ஒரு சதை உட்கார்ந்திருக்கும். உயிரோடு இருந்தால் போதுமா, பார்க்கும்படியும் இருக்க வேண்டுமா? சர்ஜன்களின் சரித்திரம் முழுக்க இந்தப் பஞ்சாயத்துதான். அதில் உருப்படியாகத் தீர்ப்புச் சொன்னவர்களில் பேராசிரியர்கள் குறைவு. செங்கல்காரர் ஒருவர், கல்லூரி மாணவர் ஒருவர், சில பன்றிகள் ஆகியோரின் பங்கு அதிகம்.

முதலில் சுச்ருதர். மருத்துவ மாநாட்டில் குத்துவிளக்கு ஏற்றியதும் திரையில் அவர் படம் வந்துவிடும். நெற்றித் தோலை இறக்கி மூக்கு செய்த மகான் என்று யாராவது மைக்கைப் பிடித்து முழங்குவார். அவருடைய சம்ஹிதையைப் புரட்டினால் அந்த இடத்தில் நெற்றி இல்லை, கன்னம்தான் இருக்கிறது. போன மூக்கின் அளவுக்கு ஓர் இலையைக் கத்தரித்துக்கொள்ள வேண்டும். அதே அளவுக்குக் கன்னத்துத் தோலை ஒரு பக்கம் ஒட்டியிருக்கும்படி கிளப்ப வேண்டும். மூக்கின் அடிக்கட்டையைக் கீறிப் பச்சைப் புண்ணாக்கி, மளமளவென்று பொருத்தித் தைக்க வேண்டும். மூச்சு விட இரண்டு குழல் செருகி, அதிமதுரம் முதலான பொடிகளைத் தூவி, பஞ்சு வைத்து, நல்லெண்ணெய் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆறியதும் மிச்ச இணைப்பை வெட்டலாம். மூக்கு சிறுத்துப்போனால் வளர்க்கவும், பெருத்துப்போனால் குறைக்கவும் கையோடு யோசனை சொல்கிறார். இரண்டையுமே நிறையப் பார்த்து நொந்தவர் என்று தெரிகிறது. எவ்வளவு தடிமனில் தோலைக் கிளப்ப வேண்டும் என்பதை மட்டும் சூத்திரத்தில் வைக்கவில்லை. அது குரு பக்கத்தில் நின்று கையைத் தட்டித் தட்டிச் சொல்லித்தர வேண்டிய பாடம்.

அதன்பின் பண்டிதர்கள் சுவடிக்கு உரை எழுதிக்கொண்டிருக்க, கத்தி பிடித்த கைத்தொழில்காரர்கள் கன்னத்தை விட்டு நெற்றிக்கு ஏறிவிட்டார்கள். ஏறியது புத்திசாலித்தனம். நெற்றித் தோல் நிறத்திலும் பதத்திலும் மூக்குத் தோலோடு ஒத்துப்போகும். புருவத்தின் உள்முனையிலிருந்து ரத்தக்குழாய் நேராக மேலே ஏறுகிறது. அது உள்ளே இருக்கும்படி விட்டால் காம்பு ஒரு விரல் அகலம் இருந்தாலே போதும்.

மேற்கே இதெல்லாம் தெரியாமல் மூக்கில்லாமலே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 695-ல் கான்ஸ்டான்டிநோபிளில் சக்கரவர்த்தி இரண்டாம் ஜஸ்டினியனை இறக்கி, மூக்கை அறுத்து, கருங்கடலுக்கு அக்கரையில் தள்ளினார்கள். அங்கம் குறைந்தவன் அரியணை ஏறக்கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். 705-ல் அவர் பல்கேரியப் படையைக் கூட்டிக்கொண்டு வந்து, நகரத்துக்குத் தண்ணீர் போகும் கால்வாய் வழியாக உள்ளே புகுந்து, மேலும் ஆறு வருஷம் ஆண்டார். மானம் போனாலும் பதவி போகவேண்டியதில்லை என்று அவர் கண்டுபிடித்ததைப் பிற்கால அரசியல்வாதிகள் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். 1566-ல் வானியல் மேதை டைக்கோ பிராஹே வாள்சண்டையில் மூக்கின் ஒரு பகுதியை இழந்து, உலோக மூக்கு ஒன்றை ஒட்டிக்கொண்டு நட்சத்திரங்களை எண்ணினார். வெள்ளி, தங்கம் என்றெல்லாம் பெருமையாகச் சொல்லிவந்தார்கள். 2010-ல் சமாதியைத் தோண்டிச் சோதித்தால் பித்தளை.

நடுவில் இத்தாலியில் மட்டும் ஒரு குடிசைத் தொழில் நடந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் கத்தானியாவில் பிராங்கா குடும்பம். அப்பா முகத்துத் தோலை எடுத்தார். மகன் அந்தோனியோ, முகத்தில் இன்னொரு தழும்பு எதற்கு என்று கைத்தோலுக்கு மாறினார். அடுத்த நூற்றாண்டில் தெற்கே த்ரோப்பியாவில் வியானேயோ குடும்பம். எல்லாம் பரம்பரை ரகசியம். 1549-ல் ஃபியோரவந்தி என்ற போலோஞ்யா வைத்தியர் அங்கே போய், எங்கள் உறவுக்காரர் ஒருவருக்கு மூக்கு இல்லை, அழைத்துவரும் முன் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என ஒரு புளுகுப் புளுகி, கூடவே இருந்து அத்தனையையும் பார்த்துக்கொண்டார். இந்த ஆசாமி பிறகு ஆப்பிரிக்காவில் ஸ்பானியக் கனவான் ஒருவரின் மூக்கு சண்டையில் அறுந்து மணலில் விழுந்ததைப் பொறுக்கி, அதன்மேல் சிறுநீர் கழித்து மண்ணைக் கழுவி, வைத்துத் தைத்தாராம். ஒட்டிக்கொண்டதாம். வேறு யாரும் சொல்லவில்லை, அவரேதான் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். கனவானின் கருத்து அதில் இல்லை.

பாரிஸில் அம்புரோஸ் பாரே, அந்த நூற்றாண்டின் மாபெரும் சர்ஜன், இத்தாலிக்காரர்கள் புஜத்துத் தசையையே கீறி அதோடு மூக்கைச் சேர்த்துக் கட்டிவைக்கிறார்கள் என்று எழுதினார். பெரிய மனிதர் சொன்னால் மறுபேச்சு ஏது? போலோஞ்யா பேராசிரியர் காஸ்பரே தாலியாகோட்ஸிதான் 1597-ல் வெனிசில் தடிமனான புத்தகமாகப் போட்டு, சதை கிதை எதுவும் இல்லையப்பா, வெறும் தோல் என்று போட்டு உடைத்தார். மெல்லிய ஃப்ளாப் பற்றி ஐரோப்பா அச்சில் பார்த்த உருப்படியான முதல் சேதி.

அவர் முறையில் ஒரு தந்திரம் இருந்தது. புஜத்தில் இரண்டு நீளக்கோடு கிழித்து, நடுத்தோலை அடியிலிருந்து விடுவித்து, கீழே துணியைச் செருகிக் கொஞ்ச நாள் சும்மா விட்டுவிடுவார். பக்கவாட்டு ரத்தம் நின்றுபோனதால், இரண்டு முனைகளிலும் வருகிற குழாய்கள் வேறு வழியில்லாமல் அகலமாகும். தோல் பட்டினிக்குப் பழகிக்கொள்ளும். அப்புறம்தான் ஒரு முனையை வெட்டி மூக்கில் தைப்பார். இன்றைக்கும் சந்தேகமான ஃப்ளாப்பை இப்படி ஆறப்போட்டுத்தான் எடுக்கிறார்கள். தைத்த பிறகுதான் நோயாளிக்குச் சோதனைக் காலம். சட்டையும் முக்காடும் மாட்டி, கையைத் தூக்கித் தலையோடு சேர்த்துக் கட்டி, சுமார் மூன்று வாரம். தன் அக்குளை இவ்வளவு கிட்டத்தில் இவ்வளவு நாள் வேறு யாரும் அனுபவித்திருக்க மாட்டார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? அவர் செத்தபின் மந்திரவாதம் செய்தவர் என்று புகார் கிளம்பி, விசாரணை நடந்து, குற்றமில்லை என்று விட்டார்கள். ஆனால் வான் ஹெல்மான்ட் கிளப்பிவிட்ட கதையை யாராலும் நிறுத்த முடியவில்லை. பிரஸ்ஸல்ஸ்காரர் ஒருவர் தன் கையை அறுக்க மனசில்லாமல், போலோஞ்யாவில் ஒரு சுமைகூலிக்காரரின் கையிலிருந்து மூக்கு வாங்கிக்கொண்டாராம். ஊர் திரும்பிப் பதின்மூன்று மாசம் கழித்து மூக்கு திடீரென்று ஜில்லிட்டு, அழுகி விழுந்ததாம். விசாரித்தால் அந்தக் கூலிக்காரர் அதே நேரத்தில் செத்துப்போயிருந்தாராம்! ‘கேஸ்’ என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்த விஞ்ஞானி என்பதால் அவர் விட்டதையும் நம்பினார்கள். கவிஞர்கள் இதை வைத்துக் கிண்டல் பாட்டுக் கட்டினார்கள். பேராசிரியர்கள் சிரித்தார்கள். தொழில் கிட்டத்தட்ட இருநூறு வருஷம் படுத்துவிட்டது. போலோஞ்யா உடற்கூறு அரங்கில் தாலியாகோட்ஸிக்கு மரச்சிலை வைத்திருக்கிறார்கள். கையில் ஒரு மூக்கைப் பிடித்துக்கொண்டு, இதையாவது யாராவது வாங்கிக்கொள்ளுங்கள் என்கிற பாவனையில் நிற்கிறார்.

இனி நம் பக்கம். மூன்றாம் மைசூர்ப் போர். கவாஸ்ஜி என்ற மராட்டியர் இங்கிலீஷ் படைக்கு வண்டிமாடு ஓட்டிக்கொண்டிருந்தார். 1792-ல் திப்புவின் ஆட்களிடம் சிக்கினார். எதிரிக்கு மாடு ஓட்டிய குற்றத்துக்கு மூக்கும் ஒரு கையும் போயின. நூற்று முப்பது வருஷம் கழிந்தும் ஸ்ரீரங்கப்பட்டணம் தன் தொழிலை மறக்கவில்லை. கம்பெனி அவருக்குப் பென்ஷன் கொடுத்தது. ஒரு வருஷத்துக்கு மேல் மூக்கில்லாமல் இருந்தவருக்குப் புனே பக்கத்தில் செங்கல் அறுக்கும் சாதிக்காரர் ஒருவர் புது மூக்கு வைத்துவிட்டார். பம்பாய் ராஜதானியின் டாக்டர்கள் இரண்டு பேர், தாமஸ் குரூசோ, ஜேம்ஸ் ஃபிண்ட்லே, பக்கத்தில் நின்று பார்த்தார்கள். 1794 அக்டோபர் மாத ‘ஜென்டில்மேன்ஸ் மேகஸீன்’ இதழில் படத்தோடு செய்தி வந்தது.

வேலை எப்படி நடந்தது என்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். செங்கல்காரர் மெழுகை மெல்லிய தகடாகத் தட்டி, மூக்கின் அடிக்கட்டை மேல் வைத்து, மூக்கு மாதிரியே பிடிக்கிறார். அதை எடுத்து நெற்றியில் தட்டையாக விரித்து, சுற்றிக் கோடு போடுகிறார். அவ்வளவுதான் அளவு, இன்றைக்கு ஆபரேஷன் தியேட்டரில் தையல் நூல் பாக்கெட்டின் அலுமினியத் தாளைக் கத்தரித்து இதே வேலையைச் செய்கிறார்கள். கோட்டின் வழியே கத்தி ஓடுகிறது. இரண்டு புருவத்துக்கும் நடுவே ஒரு சின்னத் துண்டை மட்டும் வெட்டாமல் விடுகிறார். நெற்றித் தோல் தலைகீழாகத் தொங்குகிறது. மூக்கின் தழும்பைச் செதுக்கி, அதன் உள்ளே ஒரு கீறல் போட்டு, தொங்கும் தோலை அரைச் சுற்றுத் திருப்பிக் கொண்டுவந்து அதன் விளிம்பைக் கீறலுக்குள் செருகுகிறார். தையல் கிடையாது. காசுக்கட்டியைத் தண்ணீரில் குழைத்துத் துணிக் கீற்றுகளில் தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுகிறார். வெற்றிலைக்குப் போடுகிற அதே காசுக்கட்டிதான். நாலு நாள் கழித்து அதை எடுத்துவிட்டு நெய்யில் நனைத்த துணி. பத்தாம் நாள் வாக்கில் மூக்குத்துளையில் மெல்லிய துணிச்சுருள். இருபத்தைந்தாம் நாள் வாக்கில் அந்தச் சின்னத் துண்டை வெட்டிவிடுகிறார். வேர் பிடித்தாயிற்று. இத்தனைக்கும் மயக்க மருந்து என்று ஒன்று உலகத்தில் இல்லை. வண்டிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார்.

அந்தப் பத்திரிகைச் செய்தியில் நோயாளிக்குப் பெயர் உண்டு. வேடிக்கை பார்த்த இரண்டு டாக்டர்களுக்குப் பெயர் உண்டு; அதில் ஒன்றை அச்சுக்கோத்தவர் தப்பாகக் கோத்திருக்கிறார், இருந்தாலும் பெயர்தான். படம் வரைந்த ஜேம்ஸ் வேல்ஸுக்குப் பெயர் உண்டு. கடிதம் அனுப்பியவருக்கு இரண்டு இனிஷியலாவது உண்டு. மூக்கைச் செய்தவருக்குச் சாதி மட்டும்தான் உண்டு. ஒரு வார்த்தை, உங்கள் பேர் என்னங்க என்று கேட்டிருக்கலாம். துரைமார்களுக்கு அது தோன்றவில்லை. திப்புவின் கொடுமைக்குச் சாட்சியாக ஒரு முகம் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தார்கள்.

லண்டனில் ஜோசப் கார்ப்யூ என்ற சர்ஜனுக்கு இந்தச் சேதியைப் படித்ததிலிருந்து கை துறுதுறுத்தது. ஆள் எதற்கும் துணிந்தவர். 1801-ல் சிலுவையில் மனித உடம்பு உண்மையில் எப்படித் தொங்கும் என்று சில ஓவியர்களுக்கு ஐயம் வந்தபோது, தூக்கில் போட்ட கைதியின் உடம்பைச் சூடு ஆறுமுன் சிலுவையில் அறைந்து வார்ப்பு எடுக்க உதவியவர் இவர்தான். அப்பேர்ப்பட்டவரே மூக்கு விஷயத்தில் இருபது வருஷம் தயங்கினார். பிணங்களின் மேல் பழகிப் பார்த்தார். கடைசியில் 1814 அக்டோபர் 23-ம் தேதி, கல்லீரலுக்குப் பாதரச மருந்து தின்று மூக்கைப் பறிகொடுத்த ராணுவ அதிகாரி ஒருவருக்கு நெற்றித் தோலை இறக்கினார். முப்பத்தேழு நிமிஷம் ஆயிற்று. மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தபோது பக்கத்தில் இருந்தவர் அட கடவுளே, மூக்கு இருக்கிறதே என்று அலறினாராம். 1816-ல் கார்ப்யூ புத்தகம் போட, பெர்லினில் கிரேஃபே பிடித்துக்கொள்ள, ஐரோப்பா முழுக்க மூக்கு சீசன் ஆரம்பமாயிற்று.

அவர்களுக்குச் சீக்கிரமே ஒன்று உறைத்தது. மூக்குக்கு வெளிப்பக்கம் மட்டுமில்லை, உள்பக்கமும் உண்டு. உள்ளே தோல் இல்லாத பச்சைப் பரப்பு மாசக்கணக்கில் சுருங்கிச் சுருங்கி, அருமையாகச் செய்த மூக்கை உள்ளே இழுத்துவிடும். உடனே ஆளாளுக்குத் தோலை மடித்துத் தைக்க ஆரம்பித்தார்கள். மடித்தால் தடிமன். தடித்தால் துளை அடைப்பு. பழைய பஞ்சாயத்து மறுபடி கூடியது.

முதல் உலகப்போர் வந்து முகங்களை மொத்தக் கொள்முதலில் அனுப்பியது. இங்கிலாந்தில் சிட்கப் ஆஸ்பத்திரியில் ஹெரால்ட் கில்லீஸ். நியூஸிலாந்துக்காரர், கோல்ஃப் வெறியர், ஆள்மாறாட்டக் குறும்புக்குப் பேர்போனவர். 1917 அக்டோபர் 3-ம் தேதி, ஜட்லண்ட் கடற்போரில் எரிந்துபோன முகத்தோடு வந்த விக்கரேஜ் என்ற மாலுமிக்கு மார்பிலிருந்து தோலைக் கிளப்பிக்கொண்டிருந்தார். மெல்லிய தோலின் இரு விளிம்பும் தானாக உள்பக்கம் சுருண்டன. சுருளுகிறதா, சுருளட்டும், அப்படியே சேர்த்துத் தைத்துவிடு என்று குழாயாக்கிவிட்டார். பச்சைப் புண் வெளியே தெரியாததால் சீழ் பிடிக்கவில்லை, ரத்தமும் நன்றாக ஓடியது. ஒடெஸாவில் ஃபிலாதவ் முந்தைய வருஷமே இதைச் செய்திருந்தார். பெர்லினில் கான்ட்ஸரும் தனியாகக் கண்டுபிடித்தார். மேலே சண்டை போட்ட தேசங்கள் கீழே ஒரே குழாயைத் தைத்துக்கொண்டிருந்தன.

குழாய் வந்ததும் தோல் ஊர்சுற்றக் கிளம்பிவிட்டது. வயிற்றில் குழாய் செய்து, ஒரு முனையை வெட்டி மணிக்கட்டில் தைத்து, மூன்று வாரம். வயிற்றுப் பக்கத்தை வெட்டி, கையைத் தூக்கி முகத்தில் தைத்து, இன்னொரு மூன்று வாரம். சிட்கப் தெருக்களில் தும்பிக்கை தொங்கும் முகத்தோடு சிப்பாய்கள் உலாவினார்கள். அவர்கள் உட்காரச் சில பெஞ்சுகளுக்கு நீல வண்ணம் அடித்தார்கள், எதிரே வருகிறவர் முன்கூட்டியே மனசைத் திடப்படுத்திக்கொள்ளட்டும் என்று. வார்டில் கண்ணாடிக்குத் தடை. ரத்த ஓட்டத்துக்கும் அழகுக்கும் ஓயாத சண்டைதான் இந்தத் தொழில் என்று கில்லீஸ் சொல்லிவந்தார். குழாயில் ரத்தம் எப்போதும் ஜெயித்தது. அழகு பிற்பாடு ஏழெட்டு ஆபரேஷனில் கொழுப்பைச் சுரண்டிச் சுரண்டி வரவேண்டியிருந்தது.

அடுத்த போரில் அவருடைய உறவினர் மெக்கிண்டோ, ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டில் எரிந்த விமானிகளைப் பார்த்துக்கொண்டார். வார்டில் பீர் பீப்பாய் வைத்திருந்தவர். நோயாளிகள் 1941-ல் ‘கினிப் பன்றி சங்கம்’ தொடங்கினார்கள். கால் எரிந்தவரைப் பொருளாளராகப் போட்டார்கள், பணத்தோடு ஓடமுடியாது. விரல் எரிந்தவரைச் செயலாளராகப் போட்டார்கள், நீளமான மினிட்ஸ் எழுதமுடியாது. நம் ஊர்ச் சங்கங்கள் யோசிக்கலாம்.

நிஜப் பன்றிகள் அப்புறம் வந்தன. அந்நாளைய பாடப்புத்தகம் ஒவ்வொன்றும் ஒரு சட்டம் வைத்திருந்தது: ஃப்ளாப்பின் நீளம் அகலத்தை மிஞ்சக்கூடாது, முகத்தில் மட்டும் கொஞ்சம் சலுகை. மாணவர்கள் நெட்டுருப் போட்டார்கள், தேர்வாளர்கள் கேட்டார்கள், எல்லாரும் பாஸானார்கள். புனே செங்கல்காரரின் ஒரு விரல் காம்பு இந்தச் சட்டத்தைத் தாறுமாறாக மீறியிருந்தது; அதற்கு விதிவிலக்கு என்று பெயர் வைத்து ஒதுக்கிவிட்டார்கள். 1970-ல் ஆக்ஸ்ஃபர்டில் மில்டன் என்பவர் பன்றிகளின் விலாவில் வெவ்வேறு அகலத்தில் ஃப்ளாப்பாகக் கிளப்பிப் பார்த்தார். அகலமோ குறுகலோ, எல்லாம் ஒரே நீளத்தில்தான் செத்தன. காம்புக்குள் நல்ல ரத்தக்குழாய் இருக்கிறதா என்பதே கேள்வி. அகலத்தை அளந்த ஸ்கேல் வீண். பாடப்புத்தகத்தை எதிர்த்து வாதாடி ஜெயித்த பன்றிகள் வேறு எங்கும் இருப்பதாகக் கேள்விப்படவில்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், எந்தக் குழாய் எங்கே தோலுக்கு வருகிறது என்ற வரைபடம் அதற்கு எண்பது வருஷம் முன்பே தயார். கார்ல் மான்ஷோ என்ற மாணவர் ஸ்ட்ராஸ்பர்க்கில், எக்ஸ்ரே வருவதற்கு முன்பு, பிணங்களை அறுத்து உடம்புத் தோலின் தமனிகளை வரைந்து 1889-ல் புத்தகமாகப் போட்டார். பிறகு ஹாம்பர்க் போய்ச் சாதாரண டாக்டராக இருமல், காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தார். புத்தகம் ஜெர்மனில் தூங்கியது. ஆங்கிலத்தில் வந்தது 1983-ல். இடையில் எத்தனை ஃப்ளாப் கறுத்திருக்கும்!

குழாய்தான் முக்கியம் என்று தெரிந்ததும் காம்பு எதற்கு? 1973-ல் மெல்போர்னில் டேனியலும் டெய்லரும் இடுப்புமடிப்புத் தோலைக் குழாயோடு முழுசாக வெட்டியெடுத்து, காலில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் குழாயோடு குழாய் தைத்தார்கள். தாய்ச்செடி அந்த இடத்திலேயே கைவிடப்பட்டது. ஆனால் தோலோடு கொழுப்பும் வந்தது, சில சமயம் அடியிலுள்ள தசையும் வந்தது. புறங்காலில் வைத்தால் செருப்பு நுழையவில்லை. புறங்கையில் வைத்தால் குத்துச்சண்டை உறை. நாக்கில் வைத்தால் பேச்சு குழறியது. வயிற்றுத் தோலுக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு. கையில் கொண்டுபோய் வைத்தாலும் தான் வயிறு என்பதை அது மறப்பதில்லை. ஆள் பெருத்தால் வயிற்றோடு கூடவே கையும் பெருக்கும்.

மெல்லிசுக்கு வழி கிழக்கிலிருந்து வந்தது. 1970-களின் இறுதியில் சீனாவின் ஷென்யாங்கில் யாங் குவோஃபானும் கூட்டாளிகளும் முன்கையின் உள்பக்கத் தோலை எடுத்தார்கள். துணி மாதிரி மடியும், நீளமான குழாய். உலகம் அதற்குச் சீன ஃப்ளாப் என்று பெயர் வைத்தது. வாய்க்குள் வைத்துத் தைத்தால் சிலருக்கு நாக்கில் கை ரோமம் முளைத்தது; அது ஒன்றுதான் குறை. 1984-ல் சோங் என்பவர் தொடையின் வெளிப்பக்கத்துக்குப் போனார். சீனர், ஜப்பானியர் தொடைகள் ஒல்லி, ஃப்ளாப் கச்சிதமாக வந்தது. அமெரிக்கர்கள் ஆசையோடு செய்துபார்த்தபோது, அவர்கள் ஊர்த் தொடையிலிருந்து மெத்தை வந்தது. 1989-ல் ஜப்பானின் கோஷிமாவும் சோயேதாவும் தசையைத் துளைத்து மேலே வரும் மெல்லிய குழாயைத் தசைநார்களுக்குள் தேடிப்பிடித்து உருவி, தசையை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுத் தோலை மட்டும் எடுக்கலாம் என்று காட்டினார்கள். அப்புறம் துணிச்சல் கூடியது. குழாய் தோலுக்குள் நுழையும் இடத்தைச் சுற்றிக் கொஞ்சம் விட்டு, மற்றக் கொழுப்பையெல்லாம் உருப்பெருக்கியில் பார்த்துப் பார்த்துச் செதுக்கி, சில மில்லிமீட்டர் தடிமனுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். தைக்கிற குழாயே ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே, முடியைவிட மெல்லிய நூல். சர்ஜன் அன்று காலை காபியைத் தியாகம் செய்கிறார், கை நடுங்கக்கூடாதே.

பத்து மணிநேரம் இப்படி உயிரை விட்டு முடித்து, வார்டுக்கு அனுப்பி, நடுராத்திரியில் டியூட்டி டாக்டர் ஊசியால் குத்திப் பார்க்கிறார். செக்கச்செவேலென்று மெதுவாகத் துளிர்த்தால் பிரச்னை இல்லை, போய்த் தூங்கலாம். கருஞ்சிவப்பாக மளமளவென்று வந்தால் ரத்தம் உள்ளே போகிறது, வெளியே வரும் சிரைதான் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். தோல் நீலம் பாரிக்கிறது. திரும்பத் திறந்து தைக்க முடியாத நிலை என்றால் அழைக்கப்படும் நிபுணர் குளத்து அட்டை. 1960-ல் லியுப்லியானாவில் இரண்டு டாக்டர்கள் ஃப்ளாப்புக்கு அட்டை விட்டுப் பிழைக்க வைத்ததைப் பத்திரிகையில் எழுதியதிலிருந்து இதற்கு மறுவாழ்வு. அது குடிக்கிற ரத்தம் கொஞ்சம்தான். வயிறு நிறைந்து விழுந்த பிறகும், அது கடித்த இடம் உறையாமல் மணிக்கணக்கில் கசிகிறதே, அதுதான் மருந்து; இப்படியே சில நாள் ஓட்டினால் புதுச் சிரைகள் முளைத்துவிடும். அதன் வயிற்றுக் கிருமி தொற்றாமல் இருக்கக் கூடவே ஆன்டிபயாட்டிக் ஓடும். 2004-ல் அமெரிக்க அரசு அட்டைக்கு முறையாக அனுமதி கொடுத்தது. எந்தப் பிரிவில் தெரியுமா? மருத்துவக் கருவி.

கருவிக்குக் கால் இல்லாவிட்டாலும் போக்கிடம் உண்டு. அதனால் மூக்கில் அட்டை விடும்போது, துளைக்குள் நுழையாமல் இருக்க முதலில் பஞ்சு அடைத்துவிடுவது மரபு. ஷிஃப்ட் மாறும்போது எண்ணிக் கணக்கு ஒப்படைக்க வேண்டும்.

“டாக்டர், அஞ்சு விட்டேன். நாலுதான் இருக்கு.”

“தலையணைக்கு அடியில பாருங்க சிஸ்டர்.”

“பார்த்துட்டேன்.”

“பஞ்சு?”

“அதைத்தான் டாக்டர் தேடிக்கிட்டிருக்கேன்.”